நாக்கு எட்டாத ஓர் அங்குலம்

பூனையின் நாக்குக்கு எட்டாத இடம் அதன் உடம்பில் அதிகம் இல்லை. வாலின் நுனிவரை போகும். பின்னங்காலைத் தூக்கி நிறுத்திக்கொண்டு அடிவயிற்றை வழித்தெடுக்கும். முகத்தையும் காதையும் நேராக நக்க முடியாவிட்டால் என்ன, முன்பாதத்தை எச்சிலில் நனைத்து அதையே துணியாக்கித் துடைத்துக்கொள்ளும். மிஞ்சுவது பிடரி ஒன்றுதான். மண்டை முடிந்து கழுத்து தொடங்குகிற அந்த ஓர் அங்குலம். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வித் தூக்குகிற இடம். தெள்ளுப்பூச்சிக்கு மருந்து செய்கிறவர்கள் தேடிக் கண்டுபிடித்த இடமும் அதுதான். கழுத்துப்பட்டை கட்டுகிற நாமும் அதே இடத்தைத்தான் பிடித்து வைத்திருக்கிறோம்.

திருவேங்கடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் பூனைக்கு அப்படி ஒரு பட்டை இருந்தது. சிவப்பு நைலான், அதில் ஒரு சின்ன மணி. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போன பேரன் வாங்கி வந்தது. ஐப்பசி மழை பிடித்த சில நாளில் பூனை ஓயாமல் சொறிய ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருக்கும், சட்டென்று உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைப் பிறாண்டும், மணி கிலுகிலுவென்று அடித்துக்கொள்ளும். வீட்டு நாய்க்கு வாங்கிய குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெரியம்மா எதையும் வீணாக்குகிறவர் அல்ல. பட்டையைக் கழற்றும் சிரமமும் எதற்கு என்று அதன்மேலேயே பிழிந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் கூப்பாடு. "ஏய்யா, பூனைக்கு என்னமோ மாதிரி இருக்கு, ஒரு எட்டு வந்து பாரு."

முதலில் காது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு முகம். பிறகு ஈரத்தை மிதித்துவிட்டதுபோல முன்பாதத்தை உதறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பு முழுக்க நடுக்கம், வாயில் எச்சில்.

"நல்ல மருந்துதான்யா. நம்ம நாய்க்குப் போட்டு ஒண்ணும் ஆகலையே."

பெரியம்மா சொன்னதில் பொய் இல்லை. நாய்க்கு ஒன்றும் ஆகாது.

இந்தப் பக்கம் நாய்களின் சீமை. ஒரு புறம் ராஜபாளையம், இன்னொரு புறம் விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை. இரண்டும் ஊர்ப் பெயர்களாகவும் நாய்ப் பெயர்களாகவும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் நாயும் அதில் ஏறியது. பூனைக்கு இங்கே அப்படி ஒரு கௌரவமும் கிடையாது. தானிய மூட்டைக்குக் காவல், எலிக்கு எமன், அடுப்படிக்குத் திருடன். அவ்வளவுதான் அதன் பதவி. ஆகவே கடையில் நாய்க்கான மருந்து இருக்கும், மாட்டுக்கான மருந்து இருக்கும். பூனைக்கு என்று கேட்டால், "அதையே கொஞ்சம் கம்மியாப் போடுங்க அண்ணாச்சி" என்று பதில் வரும். பூனையைச் சின்ன நாய் என்று நினைக்கிற கணக்கு இது. உடம்பின் அளவை வைத்துப் பார்த்தால் சரியான கணக்கு. கல்லீரலை வைத்துப் பார்த்தால் அடியோடு தப்பு.

குப்பியில் இருந்தது பெர்மெத்ரின். சாமந்திக்கு உறவான ஒரு வெள்ளைப் பூவில் பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லி இருப்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் வெயில் பட்டால் அது சீக்கிரம் சிதைந்துவிடும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் அவருடைய குழுவினரும் அதன் மூலக்கூறைத் திருத்தித் திருத்தி, வெயிலைத் தாங்கும் செயற்கை வடிவம் ஒன்றை 1973இல் அறிவித்தார்கள். அதுதான் பெர்மெத்ரின். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் எல்லாம் அதற்குப் பின் பிறந்த தம்பிமார். கரிசல்காட்டில் பருத்தி போட்ட யாருக்கும் சைபர்மெத்ரினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய்ப்புழுவுக்கு அதை அடித்து அடித்து, புழு அதற்குப் பழகிப்போன வரலாறும் இந்தியாவுக்கு உண்டு. 1987இல் ஆந்திரப் பருத்தியில் அது வெட்ட வெளிச்சமானது. மாட்டு உண்ணிக்கும் இந்தக் குடும்பம்தான். எறும்புக்குச் சுவரோரம் கோடு இழுக்கிறோமே, அந்தச் சாக்கட்டியிலும் இந்தக் குடும்பம்தான்.

வேலை செய்கிற விதம் எளிது. நரம்பில் ஒரு செய்தி போகும்போது சோடியத்துக்கான வாசல் கண நேரம் திறந்து மூடும். பெர்மெத்ரின் அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு தடவை அடிக்க வேண்டிய மணி விடாமல் அடிக்கிறது. பூச்சி துடித்துச் சாகும். நாய்க்கும் மனிதனுக்கும் அதே வாசல்கள் உண்டு என்றாலும் மருந்து உள்ளே சேர்வதற்குமுன் கல்லீரல் அதைப் பிரித்து வெளியே தள்ளிவிடுகிறது.

அந்தத் தள்ளும் வேலையை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடைத்த பெட்டி லேபிள் ஒட்டாமல் வெளியே போகாது. கல்லீரலும் அப்படித்தான். கொழுப்பில் கரையும் அந்நியப் பொருள் எது வந்தாலும், குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைத் துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டும். ஒட்டியதும் அது நீரில் கரையும். சிறுநீரிலோ மலத்திலோ போய்விடும். ஒட்டுகிற கைகள் பல. அவற்றில் முக்கியமான ஒரு கை பூனைக்கு இல்லை. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணு, யு.ஜி.டி.1ஏ6 என்று பெயர், பூனையின் உடம்பில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எழுத்து அழிந்த கல்வெட்டு மாதிரி, வாசிக்க முடியாமல் கிடக்கிறது. மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் என்ற இருவர் 2000ஆம் ஆண்டில் இதைக் காட்டினார்கள். 2011இல் இன்னும் விரிவாகத் தேடியபோது சிங்கம், புலி, சிறுத்தை என்று பூனைக் குடும்பம் முழுவதிலும் அந்தக் கல்வெட்டு அழிந்தே இருந்தது தெரிந்தது.

ஏன் அழிந்தது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் எனக்குப் பிடித்தமானது. செடிகள் தங்களைத் தின்பவர்களை விரட்ட விதவிதமான நஞ்சுகளைச் செய்கின்றன. இலைதழை தின்கிற விலங்குக்கு அவற்றைச் சமாளிக்கும் நொதி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பூனையின் முன்னோர் பச்சை என்றால் திரும்பியும் பார்க்காமல் கறியே தின்று பல லட்சம் ஆண்டு கழித்தவர்கள். பயன்படாத கருவி துருப்பிடித்தது. இல்லாததால் யாருக்கும் நட்டமில்லை. மனிதன் மாத்திரையையும் மருந்துக் குப்பியையும் வீட்டுக்குள் கொண்டுவரும்வரை நட்டமில்லை. நமக்குக் காய்ச்சல் தலைவலிக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. காரணம் இதே விடுபட்ட கைதான்.

கணக்கையும் பார்த்துவிடலாம். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 விழுக்காடும் அதற்கு மேலும் இருக்கும். அதில் ஒரு மில்லி என்றால் 450 மில்லிகிராம். நாலரைக் கிலோ பூனைமேல் அது விழுந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். உயிருக்கு ஆபத்தான நிலையை அந்த அளவிலேயே கால்நடை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். எங்கள் தெருப் பூனை ஒன்றும் நாலரைக் கிலோ இருக்காது.

தெள்ளு என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேர் உண்ணி, பேன், தெள்ளு மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். உண்ணிக்கு எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தம், கடித்த இடத்தில் மிளகுபோல உப்பித் தொங்கும். பேன் ரோமத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து வாழும். தெள்ளுக்கு ஆறு கால், இறக்கை இல்லை, உடம்பு பக்கவாட்டில் தகடுபோல நசுங்கியது. ரோமக் காட்டுக்குள் மீன்போல நழுவிப் போவதற்கான உடம்பு. விரலால் பிடித்து நசுக்கினாலும் சாகாது. நகக்கண்ணுக்கு இடையில் வைத்தால்தான் உண்டு.

தெள்ளிலும் இனத்துக்கு இனம் குணம் வேறு. 1914இல் கொழும்பில் பிளேக் வந்தபோது அந்நகராட்சியில் பணியாற்றிய எல். ஃபேபியன் ஹர்ஸ்ட் எலித்தெள்ளுகளை இனம் பிரித்துப் பார்த்தார். கொழும்பிலும் சென்னையிலும் எலிமேல் அதிகம் இருந்தது ஆஸ்தியா என்ற இனம். அது பிளேக்கைப் பரப்புவதில் மந்தம். பம்பாயைச் சூறையாடியது கியோபிஸ் என்ற வேறு இனம். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற இரண்டு கறுப்புப் புள்ளிகளுக்குள் ஒரு நகரத்தின் விதி மாறிப்போகும் அளவு வித்தியாசம்.

பூனைமேல் இருப்பது அந்த இரண்டும் அல்ல, டெனோசெஃபாலிடிஸ் ஃபெலிஸ். பெயர்தான் பூனைத்தெள்ளு, உலகம் முழுக்க நாய்மேலும் இதுவே அதிகம். நீளம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். தாவினால் தன் நீளத்தைப்போல நூறு மடங்கு போகும். தசையால் மட்டும் அவ்வளவு வேகம் வராது. மார்புக்குள் ரெசிலின் என்ற ரப்பர் போன்ற புரதத் திண்டு ஒன்று இருக்கிறது. தெள்ளு அதை மெதுவாக அழுத்தி, கொக்கி போட்டு வைத்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாக விடுகிறது. கவட்டை வில்லில் ரப்பரை இழுத்து விடுவதேதான். 1967இல் பென்னட்கிளார்க், லூசி இருவரும் இந்த வில்லைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த விசை தரையைத் தொடுவது முட்டியாலா பாதத்தாலா என்ற வழக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் இழுத்தடித்தது. 2011இல் கேம்பிரிட்ஜில் மால்கம் பர்ரோஸும் கிரிகரி சட்டனும் அதிவேகக் கேமராவை வைத்துப் பாதம்தான் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

தாவல் அழகானதுதான், ஆனால் தொல்லை வருவது அதனால் அல்ல. பூனைமேல் ஏறிய பெண் தெள்ளு ரத்தம் குடித்து ஒன்றிரண்டு நாளில் முட்டையிட ஆரம்பித்து, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பதுவரை இடும். முட்டை ஒட்டாது; உப்புப் பரல்போல உதிரும். பூனை எங்கே படுக்கிறதோ அங்கே விழும். அதோடு பெரிய தெள்ளு கழித்த மலமும் விழும். காய்ந்த ரத்தம்தான் அது. முட்டையில் இருந்து வரும் புழு கடிக்காது, ரத்தம் குடிக்காது. தாய் மேலேயிருந்து உதிர்த்த அந்தக் கறுப்புத் தூளைத் தின்று வளரும். கூரைமேல் உட்கார்ந்து பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றுகிற தாயை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் பூனையிடம் தெள்ளு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ரோமத்தைச் சீவி, உதிரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கறை ஊறினால் அது மண் அல்ல.

புழு வெளிச்சத்துக்குப் பயந்து சாக்கின் அடியிலும் கட்டில் இடுக்கிலும் போய், பட்டு நூற்றுக் கூடு கட்டும். கூடு பிசுபிசுப்பானது, தூசியும் மணலும் ஒட்டி, தரையோடு தரையாகிவிடும். உள்ளே முழுத் தெள்ளாக மாறிய பிறகும் அவசரப்பட்டு வெளியே வராது. சூடு, மூச்சுக்காற்று, நடமாட்டத்தின் அதிர்வு இவற்றில் ஏதாவது வந்தால்தான் கூட்டை உடைக்கும். வராவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் கோயில் கொடைக்கு வந்து பூட்டிய வீட்டைத் திறப்பார்களே, உள்ளே காலை வைத்த மறுநொடி கெண்டைக்காலில் சுருக் சுருக்கென்று கடி விழும். "ஆளே இல்லாத வீட்டுல இது எப்படிப் பொழைச்சுது" என்பார்கள். பிழைக்கவில்லை, ஆள் வரும் என்று தூங்கிக்கொண்டிருந்தது.

மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் பூனைமேல் இருப்பது ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான் என்று சொல்வது இதனால். மீதி தொண்ணூற்றைந்தும் முட்டை, புழு, கூடு என்று வீட்டுத் தரையில் கிடக்கிறது. காற்றில் ஈரம் பாதிக்குக் கீழே போனால் முட்டையும் புழுவும் காய்ந்து சாகும். கரிசலின் சித்திரை வெயில் இந்த வகையில் செலவில்லாத மருந்து. பாயையும் சாக்கையும் முற்றத்தில் விரித்தாலே பாதி வேலை ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே தரை குளிர்ந்து ஈரமாகிறபோதுதான் தெள்ளுக்குக் கொண்டாட்டம். சங்கரன்கோவிலில் தேள், பாம்பு உருவம் வாங்கிச் செலுத்தி விஷப் பூச்சித் தொல்லை தீர வேண்டிக்கொள்கிறோம். தெள்ளு உருவம் விற்று நான் பார்த்ததில்லை. செய்வதும் கஷ்டம்.

பூனை சும்மா இருப்பதில்லை. பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு கம்பன் தன்னை ஒப்பிட்டுக்கொண்டானே, அந்த நாக்கு சாதாரணக் கருவி அல்ல. அதில் நூற்றுக்கணக்கான சின்ன முட்கள். நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டின். 2018இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் அந்த முட்களைக் கூர்ந்து பார்த்தபோது ஒவ்வொன்றின் நுனியும் குழிந்த கரண்டிபோல இருந்தது. வாயில் எச்சிலை மொண்டு, அடர்ந்த ரோமத்தின் வேர்வரை கொண்டுபோய் விடுகிற கரண்டி. பூனைக்கும் புலிக்கும் சிங்கத்துக்கும் இதே அமைப்பு.

அந்தச் சீப்பு தெள்ளையும் வாரி எடுக்கிறது. கலிபோர்னியாவில் ராபர்ட் எக்ஸ்டைனும் பெஞ்சமின் ஹார்ட்டும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அளந்தது. தெள்ளு நிறைந்த வீட்டில் சில பூனைகளுக்குப் புனல்போன்ற கழுத்துக்கூடு மாட்டினார்கள். காயத்தை நக்காமல் இருக்க ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிறார்களே, அதுதான். மற்றவற்றைச் சும்மா விட்டார்கள். மூன்று வாரத்தில், நக்க முடியாத பூனைகள்மேல் தெள்ளு இரண்டு மடங்கு இருந்தது. விழுங்கிய தெள்ளில் நாடாப்புழுவின் குஞ்சு இருந்தால் அது பூனையின் குடலில் வளரும் என்பது இன்னொரு கதை. பூனையின் வாலடியில் சோற்றுப் பருக்கைபோல எதுவோ நெளிந்தால் அதன் துண்டுகள்தான். தெள்ளைத் தவறுதலாக விழுங்கிய குழந்தைக்கும் வரும்.

ஆக, நாக்குதான் பூனையின் மருத்துவர். உடம்பில் எதைத் தடவினாலும் அதைக் கடைசியில் குடிப்பதும் அதே நாக்குதான். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், எலுமிச்சைத் தைலம், பாச்சை உருண்டைத் தூள் என்று ஊரில் சொல்லப்படும் கைவைத்தியம் எதையும் நான் பூனையின் பக்கம் அண்டவிடாததற்குக் காரணம் இதுதான். மாட்டுக்கு அவை சரியாக இருக்கலாம். மாடு தன்னைக் குளிப்பாட்டிக்கொண்டே பொழுதைக் கழிப்பதில்லை.

சொட்டு மருந்து பிடரிக்குப் போவதன் ரகசியமும் இங்கே இருக்கிறது. ஒரே இடத்தில் விட்ட அரை மில்லி, வால்வரை உள்ள தெள்ளை எப்படிக் கொல்லும்? ரத்தத்தின் வழியாக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சில மருந்துகள் அப்படித்தான். செலமெக்டின் தோல் வழியே உள்ளே போகிறது. ஃபிப்ரோனில் அப்படிப் போவதில்லை. தோலின் மேலே படிந்திருக்கும் இயற்கை எண்ணெய்ப் பசையில் கரைந்து, ஓரிரு நாளில் உடம்பு முழுக்கப் பரவுகிறது. ரோமக்காலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளில் போய்ச் சேர்ந்துகொண்டு அங்கிருந்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. பூனையின் தோலே கிட்டங்கி. அதனால்தான் மருந்து போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் பூனையைக் குளிப்பாட்டக் கூடாது என்கிறார்கள். எண்ணெயைக் கழுவிவிட்டால் மருந்துக்குப் பாதை இல்லை.

இந்த ஃபிப்ரோனிலும், பூனைக்கான வேறு சொட்டு மருந்துகளில் வரும் இமிடாகுளோபிரிடும் யார் என்றால் நம் வயல்காட்டு ஆட்கள்தான். மிளகாயில் இலைப்பேனுக்கும் பருத்தியில் தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் எதை அடிக்கிறோமோ அதே மூலக்கூறு, பூனையின் பிடரியில் சொட்டுவது. பூச்சியின் நரம்பில் அவை பிடித்துக்கொள்ளும் இடம் பாலூட்டியின் நரம்பில் அவ்வளவாகப் பிடி கொடுப்பதில்லை. பூனை தப்புவது அதனால். உரக்கடையில் கிடைக்கும் ஃபிப்ரோனில் 5 விழுக்காடு, பூனைக் குப்பியில் இருப்பது ஏறத்தாழ 10. "அப்ப வயல் மருந்துதான தண்ணி மாதிரி, அதையே தொட்டு வச்சா என்ன?" என்று ஒரு சம்சாரி என்னிடம் கேட்டார். கேள்வியில் குற்றமில்லை. ஆனால் குப்பியில் இருப்பது அந்தப் பெயர் மட்டுமல்ல. மருந்தை இலையில் ஒட்டவைக்கவும் தண்ணீரில் கலக்கவும் சேர்த்த பொருள்கள் ஒன்று. தோலின் எண்ணெயில் பரவச் சேர்த்தவை வேறொன்று. அளவும் அரை மில்லி என்று மூடி முத்திரையிட்டு வருகிறது. டேங்குக்கு இத்தனை மில்லி என்று அளக்கிற கை அந்தத் துல்லியத்துக்குப் பழகியதல்ல.

இனி அந்தப் பட்டை. சாதாரண நைலான் பட்டையோ தோல் பட்டையோ கழுத்தில் இருக்கும்போது சொட்டு விட்டால் மருந்தில் ஒரு பகுதியைப் பட்டை குடித்துவிடும். தோலுக்குப் போக வேண்டியது நாடாவில் தேங்கும். தெள்ளும் சாகாது, பட்டையின் அடியில் மருந்து ஊறிய ஈரம் தோலோடு தேய்ந்து புண்ணாகும். மருந்தைக் கரைத்திருக்கும் திரவம் சில தோல், பிளாஸ்டிக் வகைகளையே கறைப்படுத்தும். ஆகவே பட்டையை முதலில் கழற்ற வேண்டும். ரோமத்தை இரண்டாக வகிர்ந்து, வெறும் தோல் தெரிகிற இடத்தில், மண்டை அடியை ஒட்டிக் குப்பியின் மூக்கை வைத்துப் பிழிய வேண்டும். தோள்பட்டைப் பக்கம் இறங்கிவிட்டால், வளைகிற பூனைக்கு நாக்கு எட்டிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பட்டை; ஒரு நாள் விட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. வீட்டில் இரண்டு பூனை இருந்தால் அதுவரை தனித்தனியாக. ஏனென்றால் தன் நாக்குக்கு எட்டாத இடம் தோழியின் நாக்குக்கு எட்டும். பெர்மெத்ரின் போட்ட நாய்மேல் சாய்ந்து தூங்கும் பூனைக்கும் இதே ஆபத்து.

மருந்து ஊறிய தெள்ளுப்பட்டை வேறு ஜாதி. 1960களில் வந்த முதல் பட்டைகளில் டைகுளோர்வாஸ் இருந்தது. 2020வரை வயலில் 'ஆவி மருந்து' என்று பயந்து அடித்தார்களே, அந்த வகை. கழுத்தைச் சுற்றிப் புகையைக் கட்டிவிட்டதுபோலத்தான். இன்றைய நல்ல பட்டைகளில் ஒரு வகை இமிடாகுளோபிரிடையும் ஃப்ளூமெத்ரினையும் எட்டு மாதம்வரை துளித்துளியாகக் கசியவிடுகிறது. ஃப்ளூமெத்ரினும் பெர்மெத்ரின் குடும்பம்தானே, பூனை சாகாதா? சாகாது, மூலக்கூறு வேறு, ஒரு நாளில் வெளிவரும் அளவும் மிகச் சொற்பம். ஆனாலும் அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒரு பட்டைமேல் புகார்கள் குவிந்து, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மறுஆய்வு செய்து 2023இல் நிபந்தனைகளோடு விற்பனையைத் தொடரவிட்டது. நாய்க்கான சில பட்டைகளில் அமிட்ராஸ் இருக்கும். அது பூனைக்கு ஆகவே ஆகாது. தெள்ளுப்பட்டையும் சொட்டு மருந்தும் ஒன்றாகப் போடுவதைக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது. கடையில் பெயர் எழுதாத வண்ணப் பட்டை தொங்கினால் அங்கேயே தொங்கட்டும்.

சில சொட்டு மருந்துகளில் மெத்தோபிரீன் என்று இன்னொன்றும் சேர்ந்திருக்கும். அது கொல்லாது. புழுவைப் பெரியதாகவிடாது. அது பிறந்த கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. 1960களின் நடுவில் கரேல் ஸ்லாமா என்ற செக் நாட்டு ஆய்வாளர் தன் செல்லப் பூச்சிகளோடு ஹார்வர்டில் கேரல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குப் போனார். சிவப்பும் கறுப்புமான நாவாய்ப்பூச்சிகள். நம் பருத்திக்காட்டில் வெடித்த காயில் மொய்க்கும் சிவப்புப் பூச்சிக்குப் பங்காளி. ஐரோப்பாவில் ஒழுங்காக வளர்ந்தவை அமெரிக்காவில் வயசுக்கே வரவில்லை. கூடுதலாக ஒரு முறை தோலுரித்து, பெரிய குழந்தையாகவே இருந்து செத்தன. சாப்பாடு, தண்ணீர், வெளிச்சம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பிடிபட்டது, கிண்ணத்தில் விரித்திருந்த தாள். அமெரிக்கத் தாள் பால்சம் ஃபிர் என்ற மரக்கூழில் இருந்து வந்தது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை விரித்தாலும் அதே கதிதான். அந்த மரம் பூச்சியின் இளமை ஹார்மோனைப் போலவே ஒரு பொருளைச் செய்து, தன்னைத் தின்ன வருகிறவர்களை வளரவிடாமல் வைத்திருந்தது. அந்த ஹார்மோனைப் போலச் செய்தவைதான் மெத்தோபிரீனும் பைரிபிராக்சிஃபெனும். பூனைக்கு அந்த ஹார்மோனே கிடையாது, ஆகவே அதற்கு இழப்பில்லை. தெள்ளின் முட்டை பொரிக்காது, புழு தெள்ளாகாது. தரையில் கிடக்கிற தொண்ணூற்றைந்து பேரை எட்டுகிற வழி இதுவும் துடைப்பமும்தான். ஏற்கெனவே கட்டிய கூட்டுக்குள் இருப்பவற்றை இரண்டாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவை வெளியே வந்து தீரும்வரை இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டியிருக்கும். ஒரு சொட்டில் தெள்ளு ஒழியவில்லை, மருந்து போலி என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே விட்டவர்கள்.

பெரியம்மாவின் பூனையை நாங்கள் பாத்திரம் தேய்க்கும் சோப்புக் கரைசலில் கழுவினோம். வெதுவெதுப்பான தண்ணீர், சூடாக இருந்தால் தோலில் ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இழுபடும். எண்ணெயில் கரைந்த மருந்தைக் குளியல் சோப்பைவிடப் பாத்திர சோப்பு நன்றாக எடுக்கும். பால் புகட்டப் போன பெரியம்மாவைத் தடுத்தேன். நடுங்குகிற பூனைக்கு எதைப் புகட்டினாலும் நுரையீரலுக்குப் போகும். துவட்டி, துண்டில் சுற்றி, நாய்ப் படம் போட்ட அந்தக் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம்.

மருத்துவர் குப்பியைப் படித்தார். பூனையைத் தொட்டார். பிறகு கத்திரிக்கோலை எடுத்து முதலில் வெட்டியது அந்தச் சிவப்புப் பட்டையை.

"கழுவினீங்க, நல்லது. மருந்தைக் குடிச்ச நாடாவைக் கழுத்துலயே விட்டுட்டீங்களே."

சோப்புத் தண்ணீர் பட்டைக்கு அடியில் போகவே இல்லை. அவர் அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவச் சொன்னார். இதற்கென்று முறிமருந்து கிடையாது. தசை நடுக்கத்தை அடக்க ஊசி, உடம்புக்கு நீர், சில சமயம் நரம்பு வழியே கொழுப்புக் கரைசல். அந்தக் கொழுப்பு ரத்தத்தில் இருக்கும் மருந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மற்றபடி மெதுவாக வேலை செய்யும் பூனைக் கல்லீரலுக்கு அவகாசம் வாங்கிக் கொடுப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் கொண்டுவந்தால் பெரும்பாலானவை பிழைத்துவிடும் என்றார். முடியாவிட்டால் நெல்லை ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் பூனை கருவாட்டுக்குக் கத்தியது.

இப்போது அதற்கு வேறு பட்டை. பிடித்து இழுத்தால் தானே அவிழ்கிற கொக்கி வைத்தது. மதில் கம்பியில் மாட்டிக்கொண்டாலும் தூக்குக் கயிறாகாது. முன்னங்கால் உள்ளே நுழைந்து அக்குளை அறுக்காத அளவு இறுக்கம். பூனைக்கென்றே வாங்கிய குப்பி பரணில், நாயின் குப்பி வேறு டப்பாவில். மாதம் ஒரு நாள் பெரியம்மா பட்டையைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டுவார். அன்றைக்கு வீட்டில் மணிச் சத்தம் இருக்காது. மறுநாள் சாயங்காலம் கட்டும்போது இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார்.

"நுழையுதுய்யா" என்பார் என்னைப் பார்த்து. பூனை அதற்குள் ஓடியிருக்கும்.